மல்லாட்டையில் சுருள் பூச்சி

திண்டிவனம் பக்கம் நிலக்கடலையை நாங்க மல்லாட்டைன்னுதான் சொல்லுவோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆடிப்பட்டத்தில் ஒன்றரை ஏக்கர் மானாவாரியாகப் போட்டிருந்தேன். விழுது இறங்குகிற சமயம், இருபது நாளாக மழை இல்லை. இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. டிக்கா நோய்தான் என்று நானே முடிவு பண்ணி, சம்சாரத்தின் கம்மலை அடகு வைத்துப் பூஞ்சாண மருந்து வாங்கி அடித்தேன். ஒரே வாரத்தில் கொல்லை தீயில் காட்டி எடுத்த மாதிரி ஆயிடுச்சு.

பக்கத்துக் கொல்லைப் பெரியவர் ஒரு இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். "இங்க பாருப்பா, உள்ளே ஆள் இருக்கான்."

டிக்கா புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். இது அப்படியில்லை. இலையின் மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவே சின்னக் கொப்புளம். அதற்குள் கருந்தலையோடு, பச்சை நூல் துணுக்கு மாதிரி ஒரு புழு. ஐந்தாறு நாள் உள்ளேயே சுரண்டித் தின்னும். இடம் பத்தாமல் போனதும் வெளியே வந்து, நூல் விட்டு இலையை மடித்து ஒட்டி வீடு கட்டிக்கொள்ளும். கூட்டுப்புழு ஆவதும் அதற்குள்ளேதான். பூஞ்சாண மருந்து அதை என்ன செய்யும்?

வளர்ந்த அந்துப்பூச்சி அரை சென்டிமீட்டர்தான், பழுப்பு நிறம். முன்சிறகின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தால் இவன்தான். புத்தகப் பெயர் அப்ரோஏரிமா மோடிசெல்லா. நம்ம நாடு, இலங்கை, தென்கிழக்கு ஆசியா என்று இருந்தவனை 1998-இல் உகாண்டாவில் பார்த்தார்களாம். பிறகு தென்னாப்பிரிக்கா வரைக்கும். இங்கிருந்து போனதா என்று மரபணுவைப் பார்த்தால், ஆஸ்திரேலியாவில் சோயாவைத் தின்கிற பூச்சியோடு நெருக்கமாக இருந்ததாம். பங்காளி எங்கெல்லாம் இருக்கான் பாருங்க.

அந்த வருஷம் பதினொரு மூட்டைதான். கம்மலைத் திருப்ப அடுத்த பொங்கல் ஆச்சு. அம்மா இன்னைக்கும் சொல்லிக் காட்டும்.

இப்போ நாலு வரிசை மல்லாட்டைக்கு ஒரு வரிசை கம்பு ஊடுபயிர். இந்தப் புழுவைக் கொல்லும் குளவிகளுக்குக் கம்பு இடம் கொடுக்கும். ராத்திரி எட்டு மணிக்குத் தரையோடு விளக்கு, கீழே தண்ணித் தட்டு. நேற்று தட்டில் பதினேழு எண்ணினேன், எல்லாத்துக்கும் வெள்ளைப் பொட்டு. ஒரு நல்ல மழை அடித்தால் தானாகக் குறையும். மேற்கே கருக்கல் கட்டியிருக்கு, பார்ப்போம்.