கவரி தந்த மலைமாடு

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசி கருட சேவைக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெருங்கூட்டம் வரும். இத்தகைய புறப்பாடுகளில் சுவாமிக்கு வீசும் வெண்சாமரத்துக்குக் கவரி என்றும் பெயர். இப்போது செயற்கை இழையிலும் செய்கிறார்கள். மரபான சாமரமோ இமயமலைச் சடைமாடான யாக்கின் வால்மயிர். ‘கவரிமான்’ என்று நாம் சொல்வது மானல்ல. திருக்குறளில் உள்ள சொல் ‘கவரிமா’. மா என்றால் விலங்கு. அது இந்த மாட்டையே குறிக்கும் என்பர்.

லடாக், சிக்கிம், அருணாச்சலப் பிரதேச மலைகளில், பெரும்பாலும் 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல் யாக் மேய்கிறது. பயிர் விளையாத அந்தக் குளிரில், வளர்ப்பவர் குடும்பத்துக்குப் பசு, எருது, செம்மறி ஆடு எல்லாம் இதுவே. பாலில் கொழுப்பு அதிகம். வெண்ணெயும் ‘சுர்பி’ என்ற கெட்டிப் பாலாடைக்கட்டியும் எடுக்கிறார்கள். மயிரில் கயிறும் கூடாரத் துணியும் ஆகும். மூட்டை சுமக்கும். மரமில்லாத இடத்தில் இதன் வறட்டிதான் அடுப்பெரிக்கும்.

2012 கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 77,000 யாக்குகள். 2019-ல் 58,000 மட்டுமே. மேய்ச்சல் நிலம் சுருங்குகிறது; இளைஞர்கள் இத்தொழிலுக்கு வரத் தயங்குகிறார்கள். 2019-ல் வடக்கு சிக்கிமில் பனி புல்லை மூடியதால் சுமார் 300 யாக்குகள் பட்டினியால் மடிந்தன. அருணாச்சலத்தில் திராங் ஊரிலுள்ள தேசிய யாக் ஆராய்ச்சி மையம், புல் கிடைக்காத மாதங்களுக்கென்று தீவனக் கட்டிகளை உருவாக்கியுள்ளது.

அங்கே பனி, இங்கே கோடை. பசுமை இருக்கும்போதே சோளத்தட்டையும் வைக்கோலையும் போர் போட்டு வைத்தால், மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டியிருக்காது.