வால்வும் கையொப்பமும்

மன்னாரின் கீரிக் கரையில் அப்துல் கலாம் பேச்சு வந்தால், "அவர் எங்கட பக்கத்து ஊர்க்காரர்தானே" என்பார்கள். மிகையில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். அவருடைய தகப்பனும் வள்ளம் கட்டி, இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகரை ஏற்றியவர். அந்த வள்ளத்தைப் புயல் கொண்டுபோனது.

ரொக்கெட் செய்தவர் ஜனாதிபதி ஆனார் என்று பிள்ளைகளுக்கு ஏணிப்படி போலச் சொல்லிக் கொடுக்கிறோம். எனக்கென்னவோ அந்த இரண்டு வேலையும் ஒரே ஏணியில் இருப்பதாகத் தெரியவில்லை.

1979 ஓகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி-3 ரொக்கெட் கிளம்பி 317ஆவது செக்கனில் வங்கக் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தில் ஒரு வால்வு அடைபட்டு மூடாமல் நின்றதில் அமிலம் ஒழுகிப் போயிருந்தது. திட்டப் பொறுப்பு கலாமுடையது; பத்திரிகைக்காரருக்கு முகம் கொடுத்தவரோ மேலதிகாரி சதீஷ் தவான். பிழையைத் தேடிப் பிடித்துத் திருத்தினார்கள். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செய்மதி சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர், பொக்ரான் அணுச் சோதனை, 2002இல் ராஷ்டிரபதி பவன்.

2005 மே மாதம் அவர் மொஸ்கோவில் இருந்த நள்ளிரவில் பீகார் சட்டசபையைக் கலைக்கும் பரிந்துரை வந்தது. கையொப்பமிட்டார். ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்றது. ஆனாலும் கலைந்த சபை உயிர்க்கவில்லை. விலகல் கடிதம் எழுதி வைத்ததையும், பிரதமர் மன்மோகன் சிங் தடுத்ததையும் பின்னாளில் அவரே எழுதினார். இங்கே கழற்றிப் பார்க்க வால்வு இல்லை, மறுபடி ஏவ ரொக்கெட்டும் இல்லை.

அடுத்த ஆண்டு, ஆதாயப் பதவி மசோதாவை மீளாய்வு செய்யும்படி திருப்பி அனுப்பினார். பாராளுமன்றம் மாற்றமில்லாமல் திரும்ப அனுப்ப, சட்டப்படி ஒப்பமிட வேண்டியதாயிற்று. பொறியியலாளர் புத்தி வேலை செய்த இடம் அதுதான் என்பேன்: ஏவுவதற்கு முன்னாலேயே சோதித்துவிடு.

அதே புத்தி கருணை மனுக்களில் வேறு மாதிரி முடிந்தது. ஐந்து ஆண்டுகளில் இரண்டுக்குத்தான் முடிவு சொன்னார். 2004இல் ஒருவருக்குத் தூக்கு உறுதியாயிற்று. 2006இல் இன்னொருவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. மற்றவை மேசையிலேயே கிடந்தன. தூக்குத் தண்டனையே அவருக்கு உவப்பில்லாதது. ஆகவே அதை நிதானம் என்று மெச்சுகிறவர்கள் உண்டு. கூண்டுக்குள் வருடக்கணக்காகக் காத்திருந்தவனிடம் கேட்டால் அவன் அப்படிச் சொல்லமாட்டான்.