பொன்னர் வேஷம் கேட்கும் பிள்ளை

நோயில் நெடுநாள் கிடக்கும் பிள்ளைக்கு ஆசைப்பட்டதைக் கொடுப்போம் என்றால் பொம்மை, கேக், புதுச்சட்டை என்றுதான் நம் மனம் ஓடும். 1980இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், இரத்தப் புற்றுநோய் கண்டிருந்த ஏழு வயதுப் பையன் ஒருவன் பொலிஸ்காரனாக வேண்டும் என்றான். மாநிலப் பொலிசார் அவனை ஹெலிகொப்டரில் ஏற்றினார்கள், அவன் அளவுக்குச் சீருடை தைத்துக் கொடுத்தார்கள், தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். சில நாட்களில் அவன் இறந்துபோனான். 'மேக்-எ-விஷ்' என்ற அமைப்பு அதிலிருந்து பிறந்தது. 2013 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரமே ஒரு நாள் கதைக்களமாகி, ஐந்து வயதுப் பையன் ஒருவனைத் திருடர்களைப் பிடிக்கும் வீரனாக்கியதும் அந்த அமைப்பின் வழியாகத்தான். இரண்டு பையன்களும் கேட்டது ஒரு வேஷத்தை. வாட்டில் கிடக்கும் பிள்ளைக்கு எல்லாரும் எசமான்கள்: வாயைத் திற, கையை நீட்டு, அசையாதே. தொப்பியை மாட்டிய அன்றைக்கு மட்டும் அவன் சொல்ல மற்றவர்கள் கேட்கிறார்கள். ஆசையை நிறைவேற்றுவதன் சாரம் இந்த அதிகார மாற்றத்தில் இருப்பதாகவே நான் எண்ணுகிறேன்.

அந்த வேஷம் சரித்திரத்திலிருந்து வந்தால் இன்னும் ஒன்று கூடுகிறது. நோயாளிப் பிள்ளையிடம் பெரியவர்கள் பேசுவதெல்லாம் வருங்காலம் பற்றியே. குணமானதும் பள்ளிக்கூடம் போகலாம், அடுத்த வருஷம் கதிர்காமம் போகலாம். சொல்லும்போதே குரல் தடுமாறும். பிள்ளைக்கு அது தெரியும். நடந்து முடிந்த காலத்தில் அந்தத் தடுமாற்றம் இல்லை. முந்நூறு வருஷம் பின்னால் போய் ஒரு ராசாவாக நிற்பதற்கு எந்த இரத்தப் பரிசோதனை அறிக்கைக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

இலங்கை மலையகத்தின் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் இதற்கு வெளிநாட்டு அமைப்பு எதுவும் வந்து வழிகாட்ட வேண்டியதில்லை. வேஷம் கட்டிப் பழைய காலத்துக்குள் இறங்குவதை இந்த லயங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றன. மாசியில் காமன் கூத்து நடக்கிறது. அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அதற்கு உடன்பிறந்தவை. பகலில் கவ்வாத்து வெட்டியவர் இரவில் முகத்துக்கு அரிதாரம் பூசி, நெஞ்சில் பதக்கம் கட்டி, தப்பு அதிர வாள் சுழற்றும்போது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. கொங்கு நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்த பொன்னர் சங்கர் கதையில், மாண்டுபோன அண்ணன்மாரைத் தங்கை எழுப்புகிற கட்டம் உண்டு. அதைக் கண் கொட்டாமல் பார்த்திருக்கும் நோயாளிப் பிள்ளை ஒன்று 'எனக்கும் அந்த வேஷம் வேணும்' என்றால், கேட்கும் பெரியவர்களுக்கு நெஞ்சு அடைக்கும். 'சாகிற கதை வேண்டாம், வேறேதாவது கேள்' என்று பேச்சை மாற்றவே தோன்றும். அப்படி மாற்றுவது பிழை. சாவைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்காதபோது, அதைப் பேசத் தெரிந்த ஒரே இடம் அந்தக் கூத்துக்களமாக இருக்கலாம்.

பணத்தைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் புற்றுநோய் என்றால் மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியுமுன் பஸ் ஏறும் தாய்க்கு அன்றைய பேர் போய்விடும். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தபோதும் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. இந்த நிலையில் கிரீடம் செய்யக் காசு செலவழிப்பதா, பஸ் காசு கொடுப்பதா என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். பஸ் காசுதான் முதலில். ஆனால் இரண்டும் ஒரே பையிலிருந்து வரவேண்டிய கட்டாயமில்லை. கூத்துக் குழுவிடம் உடுப்பு இருக்கிறது, தப்படிப்பவர் பக்கத்து லயத்தில் இருக்கிறார், வாத்தியார் பாட்டை மனப்பாடமாகப் பாடுவார். ஊருக்கு ஒரு மாலைப் பொழுது செலவாகும், அவ்வளவே. ஆசை நிறைவேறுவதால் மருத்துவப் பயன் ஏதும் உண்டா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, ஆசை நிறைவேறிய 496 பிள்ளைகளை அதே போன்ற நோயுள்ள வேறு 496 பிள்ளைகளோடு ஒப்பிட்டது. முதல் கூட்டத்தில் திடீரென்று ஆஸ்பத்திரிக்கு ஓடும் தேவை குறைந்திருந்தது. இதை நான் பெரிய சாட்சியாகத் தூக்கிப் பிடிக்கவில்லை. உடம்பில் கொஞ்சம் தெம்புள்ள பிள்ளைகளே ஆசை நிறைவேறும்வரை தாக்குப்பிடித்திருக்கலாம். ஆய்வு எதிர்மாறாகச் சொல்லியிருந்தாலும் என் வாதம் இதுவேதான். ஒரு பிள்ளை ஒரு சாயங்காலம் ராசாவாக இருந்ததற்குப் பலன் கணக்கு எதற்கு?

சிலர் இதை நேர்த்திக்கடனோடு குழப்பிக்கொள்வார்கள். காவடி எடுக்கிறேன், பிள்ளையைக் காப்பாற்று என்பது ஒரு பேரம். சாமி கொடுக்காவிட்டால் கோபம் வரும். வேஷம் கட்டுவதில் பேரம் இல்லை. குணமாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்காததால் ஏமாற்றப்பட்டேன் என்று பின்னால் யாரும் அழவேண்டியதும் இல்லை. இந்த வித்தியாசத்தைத் தாய் தகப்பனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த கேள்வி, யாருடைய சரித்திரம் என்பது. மலையகத்தின் சொந்தச் சரித்திரமே பெரிய சாகசம். 1823இல் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கியதிலிருந்து, தென்னிந்தியாவிலிருந்து வேலைக்கு வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காடு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். இருநூறு வருஷ நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு கூட்டம் அந்தப் பாதையைத் திரும்ப நடந்து ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. பெரியவர்களுக்கே அது காலத்துக்குள் போய்வந்த பயணம். ஆகவே பிள்ளைக்கும் இதையே காட்டுவோம், கண்டி ராசாவும் சிகிரியாவும் எதற்கு என்று படித்தவர்கள் சிலர் சொல்லக்கூடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆசை பிள்ளையுடையது. சீதா எலியாவுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் இராவணனாக வேண்டும் என்றால் இராவணன்தான். அது சரித்திரமா புராணமா என்ற தகராறை ஆசிரியர்கள் ஓய்வறையில் வைத்துக்கொள்ளட்டும். மன்னார்ப் பாதையை அவனே கேட்டால், அப்போது வழியில் செத்தவர்களை மறைத்துவிட்டுச் சொல்லவும் கூடாது.

தன் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்லும் சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தோட்டத்தில் நடக்காதது அந்தக் கேட்டல்தான். டிஸ்பென்சரியில் தாயிடம் பேசுவார்கள், கிளினிக்கில் தாயிடம் பேசுவார்கள், அதுவும் பல நேரம் அவளுக்குச் சரியாக விளங்காத சிங்களத்தில். பிள்ளையிடம் 'உனக்கு என்ன வேணும்' என்று கேட்பவர் பிள்ளைமடுவத்து அக்காவாகவோ பள்ளிக்கூட டீச்சராகவோ இருந்தால் நல்லது. ஊசி போடுபவர் கேட்டால் பயத்தில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும். முதல் நாள் பதில் வராது. மூன்றாம் நாளும் வராமல் போகலாம். பதில் வந்த பிறகு பேனர் கட்டுபவர்களை வாசலோடு நிறுத்திவிட வேண்டும். பொன்னாடையோடும் கமராவோடும் அரசியல்வாதி வந்து நின்றால், ராசாவாக இருந்த பிள்ளை அந்த நிமிஷமே பழையபடி நோயாளியாகிவிடும்.

ஆசை எப்போதும் பெரிதாக இருப்பதும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கோச்சியில் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை சொல்லலாம். தண்டவாளம் அட்டனுக்கு 1884இல் வந்தது, மறு வருஷம் நானுஓயாவைத் தொட்டது. அட்டனில் ஏறினால் கொட்டகலைக்கு முன் சிங்கமலைச் சுரங்கம் வரும். வளைந்து போகும் சுரங்கம், மறுபக்க வெளிச்சம் உடனே தெரியாது. அந்த இருட்டுக்குள் யாராவது ஒருவர் 'இப்ப 1885' என்று காதோடு சொன்னால் போதும். வெளியே வந்ததும் மலையில் எந்தத் தோட்டம் இருந்தது, எது இன்னும் காடு என்பதைப் பிள்ளை சொல்லும். கூட வந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு வரவேண்டியதுதான்.