ஊரும் மன்றமும்

ஊர் என்பது வீடுகளின் தொகுதி அன்று. ஒருவரோடொருவர் கலந்து பேசி வாழும் மக்களின் தொகுதியே ஊர். இவ்வுண்மையை உணர்ந்த பழந்தமிழர், ஊரின் நடுவே பொதுவிடம் ஒன்று அமைத்தனர். மன்றம், பொதியில், அம்பலம் என்று அதற்குப் பெயரிட்டு வழங்கினர். மர நிழலில் ஊரார் கூடுவர், வழக்கைத் தீர்ப்பர், பொதுக் காரியங்களை ஆராய்வர். பேச்சு ஓய்ந்த ஊரில் பகை வளரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஊரார் கூடிச் செயலாற்றியதற்குச் சிறந்த சான்று, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் உள்ளது. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த கல்வெட்டுகள், குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்க்கும், அவர்தம் நெருங்கிய உறவினர்க்கும் மீண்டும் இடமில்லை என விதித்தனர். இந்நேர்மை போற்றத்தக்கது. ஆயினும், இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் மறைக் கல்வியும் உடைய ஆடவர் பெயர்களே குடத்தில் விழுந்தன. பெண்டிர்க்கும் நிலமற்ற உழைப்பாளர்க்கும் அதில் இடம் இருந்ததில்லை. பெருமையைக் கூறுவோர் இக்குறையையும் மறைக்காது கூறுதல் வேண்டும்.

காலம் மாற ஊரும் மாறும். இதற்குத் திருப்பூரே சான்று. நொய்யல் ஆற்றங்கரையில் பருத்தி வாணிகத்தால் வளர்ந்த அவ்வூர், பனியன் தொழிலால் பெருநகராயிற்று. 2008-ஆம் ஆண்டில் மாநகராட்சியாகவும், 2009-ஆம் ஆண்டில் மாவட்டத்தின் தலைநகராகவும் உயர்ந்தது. அங்குத் தைக்கப்பெறும் ஆடைகள் கடல் கடந்து செல்கின்றன. ஆயின், செல்வம் வந்த வழியே துன்பமும் வந்தது. சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலிற் கலந்தது. உழவர்க்கு நீர் தரக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் குளமாயிற்று. கிணற்று நீர் உப்பாயிற்று, வயல் பாழாயிற்று. உழவர் நீதி வேண்டி வழக்குத் தொடுத்தனர். கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை எய்தாத பட்டறைகளை மூடுமாறு 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அப்போது தொழிலாளர் பலர் வேலையிழந்து வருந்தினர்.

நீர் கேட்ட உழவரிடமும் நியாயம் உண்டு. கூலி கேட்ட தொழிலாளரிடமும் நியாயம் உண்டு. இருவரும் ஒரே ஆற்றின் மக்கள் அல்லரோ? நீதிமன்றம் தீர்ப்பு வழங்கும். ஆனால், அண்டை அயலாரை முகம் பார்த்துப் பேசவைக்க அதனால் இயலாது. அதனை ஊர்மன்றமே செய்தல் கூடும்.

இன்று அந்நகரில் மற்றொரு வினாவும் எழுந்துள்ளது. பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும், தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் எண்ணற்றோர் அங்கு வந்து உழைக்கின்றனர். அவர்கள் அவ்வூரின் நீரைப் பருகுகின்றனர். அதன் தெருக்களில் குடியிருக்கின்றனர். அதன் செல்வத்தைப் பெருக்குகின்றனர். ஆயினும், அவருட் பலருக்கு வாக்குரிமை தொலைவிலுள்ள சொந்த ஊரிலேயே உள்ளது. குழாயில் நீர் வாராவிடில் அவர்கள் எங்கே சென்று முறையிடுவர்? அன்று உத்தரமேரூரில் நிலமிலார் நின்ற புறவாயிலில், இன்று இவர்கள் நிற்கின்றனர்.

1992-ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தங்கள், சிற்றூர்களில் வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் கிராம சபைக்கும், பெருநகரங்களில் வார்டு குழுக்களுக்கும் வழிவகுத்தன. நிலமும் குலமும் கேளாத மன்றம் இவ்வாறு பிறந்தது. இது பெரும்பேறே. எனினும், சட்டம் இருக்கையை மட்டுமே இடும். அதில் வந்து அமர வேண்டியவர் மக்கள். கூட்டத்திற்குச் செல்லாதிருந்துவிட்டுப் பின்னர்க் குறை கூறுவதால் பயனில்லை. வாக்கில்லாத அயலூராரின் குறையையும் கேட்டறிந்து எடுத்துரைப்பது, வாக்குடையார் கடனாகும்.

ஊர் மாறுவதைத் தடுக்க ஒருவராலும் இயலாது. எவ்வாறு மாற வேண்டும் என்பதை மட்டும் ஊரார் கூடி முடிவு செய்யலாம். அம்முடிவு நல்லதாக வேண்டுமாயின், நேற்று வந்தவரையும் அருகில் அமர்த்திப் பேசும் பண்பு வேண்டும். அப்பண்பு உள்ள வரையில், மரமும் மேடையும் மறைந்தாலும் மன்றம் மறையாது.