பூங்கா முதலா? கடல் முதலா?

(பதினோராம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர்)

சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டதும் துள்ளாத மாணவி உள்ளமும் உண்டோ? அதிலும் ஒரே பயணத்தில் கேளிக்கைப் பூங்காவும் கடற்கரையும் கிடைக்கும் என்றால் சொல்லவும் வேண்டுமா! ஆனால் ஒரே இலையில் பாயசமும் பாதுஷாவும் சேர்ந்து விழுந்தால் எதில் முதலில் கை வைப்பது என்ற தயக்கம் வருமல்லவா? அந்தத் தயக்கம் எங்கள் வகுப்பை ஒரு வாரம் முழுவதும் ஆட்டிப்படைத்தது. அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கற்றதை எம் பள்ளி ஆண்டு மலர் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

சென்ற ஜனவரித் திங்களில் கோவையிலிருந்து கொச்சிக்கு இரண்டு நாள் இன்பச் சுற்றுலா என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை விடியற்காலை புறப்பாடு; சனிக்கிழமை நள்ளிரவுக்குள் திரும்புதல். எங்கள் வகுப்பாசிரியையான அருட்சகோதரி அவர்கள் கரும்பலகையில் இரண்டே இரண்டு பெயர்களை எழுதினார்கள். ஒன்று, வொண்டர்லா பூங்கா. மற்றொன்று, செராய் கடற்கரை. “இடங்களை நான் சொல்லிவிட்டேன். வரிசையை நீங்கள் சொல்லுங்கள். ஆனால், காரணத்தோடு சொல்ல வேண்டும்” என்று கூறிப் புன்னகையுடன் அமர்ந்துவிட்டார்கள். அவ்வளவுதான்! வகுப்பறை சட்டமன்றமாக மாறியது.

முதலில் அவ்விரு இடங்களைப் பற்றியும் சிறிது கூறிவிடுகிறோம். கொச்சிக்கு அருகே பள்ளிக்கரை என்னும் ஊரில் 2000-ஆம் ஆண்டு ‘வீகாலாந்து’ என்ற பெயரில் தொடங்கப்பட்ட பூங்காவே இப்பொழுது வொண்டர்லா என அழைக்கப்படுகிறது. வானளாவச் சுழலும் இராட்டினங்களும், நீரில் சறுக்கும் சறுக்குகளும், செயற்கை அலைக்குளமும் அங்கே உண்டு. செராய் கடற்கரையோ வைப்பின் தீவின் வடபகுதியில் அமைந்தது. ஒருபுறம் அரபிக்கடலின் அலையோசை. மறுபுறம் தென்னை சூழ்ந்த உப்பங்கழியின் அமைதி. இரண்டுக்கும் நடுவே நீண்டு செல்லும் மணற்கரை. படத்தில் பார்த்தபோதே எங்கள் மனம் அங்கே பறந்துவிட்டது.

“பூங்காவே முதலில்!” என்ற கட்சியினர் வலுவான காரணங்களோடு எழுந்தனர். வெள்ளிக்கிழமை வேலைநாள், கூட்டம் குறைவு, வரிசையில் கால்கடுக்க நிற்க வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணமும் விடுமுறை நாளைவிடக் குறைவு. முதல் நாளில் உடலில் தெம்பு மிகுதியாக இருக்கும். இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்றையும் எடுத்துரைத்தனர். நம் தமிழகத்தின் கிழக்குக் கரையில் கதிரவன் கடலிலிருந்து எழுகிறான். கேரளக் கரையிலோ கடலுக்குள் இறங்குகிறான். “இரண்டாம் நாள் மாலையில் அந்தக் காட்சியைக் கண்ணில் நிறைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினால் சுற்றுலாவுக்கு அதைவிட நல்ல முடிவு உண்டோ?” என்று ஒருத்தி கேட்டபோது கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

“கடலே முதலில்!” என்றவர்களும் சளைத்தவர்கள் அல்லர். ஐந்து, ஆறு மணி நேரம் பேருந்தில் குலுங்கி வந்த உடனே இராட்டினத்தில் ஏறினால் தலைசுற்றலும் வாந்தியும்தான் மிஞ்சும். பிற்பகலில் கடலிலிருந்து வீசும் குளிர்ந்த காற்றே பயணக் களைப்புக்கு மருந்து. நிலம் பகலில் விரைவாகச் சூடேற, அதன்மேல் உள்ள காற்று எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று வருகிறது என்று புவியியல் பாடத்தையும் துணைக்கு அழைத்தனர். மேலும், கடலில் ஆடிய உப்பும் மணலும் மறுநாள் பூங்கா நீரில் கழுவப்பட்டுவிடும். கடல் இறுதியில் வந்தால் மணல் முழுவதும் பேருந்தின் இருக்கையில் ஏறிக் கோவை வரை வந்துவிடுமே!

எங்கள் இயற்பியல் ஆசிரியை அவர்களையும் நாங்கள் விடவில்லை. அவர்கள் எக்கட்சியிலும் சேராமல், உருள்வண்டியின் செயல்பாட்டைப் படம் வரைந்து விளக்கினார்கள். உச்சி வரை சங்கிலி இழுத்துச் செல்கிறது. அதன்பின் எந்த இயந்திரமும் தள்ளுவதில்லை. உயரத்தில் சேர்ந்த நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறி வண்டியைப் பாய்ச்சுகிறது. “எந்த நாளில் போனாலும் இந்த விதி மாறாது, வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறக்கூடாது என்ற விதியும் மாறாது” என்று கூறி எங்களைச் சிரிக்க வைத்தார்கள்.

உடைப் பிரச்சினை ஒன்றும் தலைதூக்கியது. பூங்காவின் நீர் விளையாட்டுகளில் பருத்தி உடைக்கு இடமில்லை. நைலான் போன்ற செயற்கை இழை உடைதான் வேண்டும். எல்லாருக்கும் அடக்கமான முழுக்கை உடையும் நீண்ட காற்சட்டையும் ஒரே நிறத்தில் தைப்பது என்று அருட்சகோதரி முடிவு செய்தார்கள். கடலுக்கும் அதே உடை என்பதால் அவ்விவாதம் அத்துடன் முடிந்தது.

நான்காம் நாள் வாக்கெடுப்பு. நாங்கள் நாற்பத்து நான்கு பேர். பூங்கா முதலில் என்று 26 தாள்கள். கடல் முதலில் என்று 17 தாள்கள். வென்றவர்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தனர். அருட்சகோதரி மட்டும் ஒரு தாளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஒரு தாள் வெறுமையாக இருக்கிறது. எழுதாதவரும் இவ்வகுப்பைச் சேர்ந்தவர்தானே? அவருக்குச் சொல்ல ஏதேனும் இருக்கலாம். நாளை வரை பொறுத்திருப்போம்” என்றார்கள்.

மறுநாள் காலை வகுப்பில் ஒருத்தி எழுந்து நின்றாள். விடுதியில் தங்கிப் படிப்பவள். குமரி மாவட்டத்தின் கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். அவளுடைய சம்மதத்தோடுதான் இங்கே எழுதுகிறோம்.

“சிஸ்டர், வெறுந்தாள் என்னுடையதுதான்” என்று தொடங்கினாள். “என் அப்பா முனம்பம் துறைமுகத்திலிருந்துதான் விசைப்படகில் தொழிலுக்குப் போவார். செராயிலிருந்து முனம்பம் சில கிலோமீட்டர்தான். 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது அப்பா கடலில் இருந்தார். திரும்பி வரவில்லை. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அந்தக் கரையை நான் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்றுதான் பெயர் கொடுத்தேன். ஆனால் கடல் இரண்டாம் நாள் என்றால், பூங்காவில் இருக்கும் நேரமெல்லாம் நாளைக்குக் கடல், நாளைக்குக் கடல் என்றே என் மனம் அடித்துக்கொள்ளும். உங்களோடு சேர்ந்து என்னால் சிரிக்க முடியாது. முதல் நாளே பார்த்துவிட்டால் முடியும் என்று நினைக்கிறேன். எல்லாரும் முடிவு செய்த பிறகு நான் ஒருத்தி சொல்வது சரியா என்று தெரியாமல்தான் எழுதவில்லை.”

வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும்.

2017 நவம்பர் 30-ஆம் நாள் குமரிக் கடலைக் கலக்கிய அந்தப் புயலைப் பற்றிச் செய்தியாக மட்டுமே நாங்கள் அறிந்திருந்தோம். குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடல் தொழிலில் பெயர் பெற்றவர்கள். அவர்களுள் பலர் கொச்சி, முனம்பம் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டு வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பவர்கள். புயல் எழுந்தபோது அவ்வாறு நெடுந்தொலைவில் இருந்த பலர் கரை சேரவே இல்லை. குமரியிலும் கேரளத்திலும் எத்தனையோ இல்லங்கள் தந்தையை இழந்தன. அவற்றுள் ஒன்று எங்கள் அடுத்த இருக்கைக்காரியின் இல்லம்!

அருட்சகோதரி அவர்கள் மெல்லக் கூறினார்கள்: “எண்ணி முடித்த வாக்கை மாற்ற எனக்கு உரிமை இல்லை. வாக்களித்தவர்களுக்கு உண்டு. செலவையும் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.”

ஆம், செலவும் இருந்தது. பூங்காவைச் சனிக்கிழமைக்கு மாற்றினால் கட்டணம் கூடும். எங்கள் வகுப்பில் தையல் இயந்திரம் மிதித்தும், பஞ்சாலையில் இரவுப் பணி செய்தும் சுற்றுலாப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்த பெற்றோர் பலர். அவர்களிடம் மீண்டும் போய்க் கைநீட்ட முடியாது. எனவே கணக்கில் தேர்ந்த இருவர் கரும்பலகைக்கு வந்தனர். எர்ணாகுளம் மரைன் டிரைவில் படகு சவாரி: நீக்கம். இரண்டு வேளை உணவகச் சாப்பாடு: நீக்கம். அதற்குப் பதில் வீட்டிலிருந்து புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும். கூட்டிக் கழித்துப் பார்த்தபோது சனிக்கிழமைக் கட்டணத்துக்குச் சரியாக வந்தது. பத்து, இருபது ரூபாய் மிஞ்சவும் செய்தது.

இரண்டாம் வாக்கெடுப்புக்குத் தாள் தேவைப்படவில்லை. ‘கடல் முதலில்’ என்றபோது உயராத கை ஒன்றும் இல்லை. சூரிய அத்தமனத்தைச் சுற்றுலாவின் முடிவாக்க வேண்டும் என்று முழங்கியவளே முதலில் கையை உயர்த்தினாள். “முதல் நாளும் சூரியன் அங்கேதானே இறங்கப் போகிறது!” என்றாள்.

பயணத்தை விரிவாக எழுத இடம் போதாது. பாலக்காட்டைத் தாண்டிக் குதிரான் மலைச் சுரங்கப் பாதையில் பேருந்து நுழைந்ததும் நாங்கள் எழுப்பிய ஒலி மலையையே எழுப்பியிருக்கும். கன்னியர் இல்லம் ஒன்றில் மதிய உணவை உண்டு இளைப்பாறி, நான்கு மணியளவில் செராய் சேர்ந்தோம்.

எங்கள் தோழி நேரே நீரருகே சென்று நின்றாள். வடக்கே முனம்பம் இருக்கும் திசையை நெடுநேரம் பார்த்தாள். யாரும் அவளை அழைக்கவில்லை. யாரும் தனியே விடவும் இல்லை. பின்னால் சற்றுத் தள்ளி மணலில் அனைவரும் அமர்ந்தோம். அவள் குனிந்து இரு கைகளிலும் கடல்நீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். பிறகு திரும்பி, “ஏன் எல்லாரும் கோயிலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்? வாருங்கள்!” என்றாள்.

அதன்பின் அவளே எங்களுக்கு ஆசிரியை! இரு அலைகளுக்கு நடுவே அலை உடையாமல் அமைதியாகத் தோன்றிய ஓரிடத்தில் இறங்க முயன்றோம். “அங்கே வேண்டாம்! அமைதியாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே திரும்பிப் போகும். எங்கள் ஊரில் நீரோட்டத்தை நீவாடு என்போம். அதில் மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தக்கூடாது, கரையோடு பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்” என்றாள். கடற்கரைக் காவலரும் அவள் சொன்னது சரியே என்று தலையசைத்தார். முழங்கால் நீருக்கு மேல் நாங்கள் போகவில்லை. ஆறேகால் மணியளவில் செங்கதிர் நீரில் இறங்கியபோது அவள் எங்கள் நடுவே நின்று பார்த்தாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். எங்கள் அனைவருக்குமே கண்ணில் உப்பு இருந்தது.

மறுநாள் பூங்காவில் கூட்டம் மிகுதிதான். வரிசையில் நின்று நின்று கால் ஓய்ந்ததும் உண்மைதான். இரண்டு விளையாட்டுகளை விட்டுவிடவும் நேர்ந்தது. ஆனால் உருள்வண்டி உச்சியிலிருந்து பாய்ந்தபோது யாவரையும்விட உரக்கக் கூவியவள் யார் தெரியுமா? அவளேதான்! செயற்கை அலைக்குளத்தில் விசில் ஊதியதும் அலைகள் எழுந்தன. சற்று நேரத்தில் மீண்டும் ஓய்ந்தன. அவள் இடுப்பளவு நீரில் நின்று, “சொன்னால் கேட்கிற கடலை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!” என்றாள். சொல்லிவிட்டு முதலில் சிரித்தவளும் அவளே. அதன்பிறகுதான் நாங்கள் சிரித்தோம்.

அடுத்த ஆண்டு இத்தகைய சுற்றுலா செல்லவிருக்கும் தங்கைகளே! பூங்காவும் கடலும் சேர்ந்த பயணத்தில் கட்டணம், கூட்டம், களைப்பு, காற்று, கதிரவன் ஆகிய ஐந்தையும் எண்ணிப் பாருங்கள். பணம் குறைவாகவும் எல்லார் மனமும் இலகுவாகவும் இருந்தால் வேலைநாளில் பூங்காவை முடித்துவிட்டுக் கடலுக்குச் செல்வதே சிக்கனம்; முதலில் 26 பேர் சொன்ன காரணங்கள் இன்றும் நல்ல காரணங்களே. ஆனால் தாள்களை எண்ணும்போது வெறுந்தாள் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு நாள் பொறுத்திருங்கள். ஒரு நாளில் சுற்றுலா ஓடிப் போய்விடாது.

காத்திருக்கக் கற்றுத்தந்த எம் அருட்சகோதரி அவர்களுக்கும், படகு சவாரி போனதென்று கேட்டு மறுபேச்சின்றிப் புளிச்சோறு கட்டித் தந்த அன்னையர்க்கும், எங்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்த பேருந்து ஓட்டுநர் அண்ணனுக்கும், எழுந்து நின்று பேசிய எங்கள் தோழிக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி!