அனுபவச் சான்றும் ஒரு மார்க்கக் கேள்வியும்

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின், முன்பு என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் மேலப்பாளையத்தில் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். மின்னணுப் பொறியியல் முடித்து ஓராண்டாக வேலையில்லை.

"ஹஜ்ரத், பணம் கொடுத்தால் இரண்டாண்டு அனுபவச் சான்று தருகிறார்கள். வாப்பாவின் கடனை அடைக்க வேண்டும். கூடுமா?"

கூடாது என்பது எளிது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மறைத்திருந்த ஈரத்தைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த நிகழ்வை அவரும் அறிவார். பணியில் சேர்ந்த பின்னும் நிறுவனங்கள் சான்றைச் சரிபார்க்கும். பொய் வெளிப்பட்டால் வேலையும் பெயரும் போகும். ஆயினும் தடையை மட்டும் சொல்லி அனுப்ப மனம் ஒப்பவில்லை.

ஆகுமான வழிகளை இருவரும் எழுதிப் பார்த்தோம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், பட்டதாரிகள் உதவித்தொகையுடன் ஓராண்டு பயிற்சி பெறலாம். முடிவில் கிடைப்பது மெய்யான சான்று. வன்பொருள் விரும்புவோருக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் டாட்டா பவரின் சூரிய மின்கலத் தொழிற்சாலை இருக்கிறது. மென்பொருள் என்றால், தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ 2011 முதல் இயங்குகிறது. எங்கு விண்ணப்பித்தாலும், தானே அமைத்த ஒரு மின்சுற்றையோ எழுதிய நிரலையோ காட்டி, அதன் குறையையும் விளக்கத் தெரிந்திருப்பது நல்லது.

மஃரிப் பாங்கு ஒலித்தது. "பழகுநர் பயிற்சிக்கே விண்ணப்பிக்கிறேன் ஹஜ்ரத். வாப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும்" என்றார்.

பெற்றோர்களே, பிள்ளைகளைப் பொய்யின் பக்கம் தள்ளுவது சில வேளை நம் அவசரமே. அந்த ஓராண்டை அவர்களுக்குக் கொடுங்கள்.