பந்து ரெண்டு தடவை குத்தலாம்

சக்கர நாற்காலி டென்னிஸ் ஆடுறேன்னு சொன்னா எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அதுக்கு வேற வலையா, வேற பந்தா?" இல்லை. அதே கோர்ட், அதே வலை, அதே ராக்கெட். பெரிய வித்தியாசம் ஒண்ணுதான்: பந்து ரெண்டு தடவை குத்தும் வரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. ரெண்டாவது குத்து கோர்ட்டுக்கு வெளியே விழுந்தாலும் செல்லும். 1976-ல் அமெரிக்காவில் பிராட் பார்க்ஸ் என்ற இளைஞர், பனிச்சறுக்கு விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு தொடங்கிவைத்த ஆட்டம் இது. 1992 பார்சிலோனா பராலிம்பிக்கில் பதக்கத்துக்குரிய விளையாட்டாகிவிட்டது.

எங்க தோட்டத்தில் ஆடினா ரெண்டாவது குத்துக்குப் பந்து கீழ் லயத்துக் கூரையில் கிடக்கும். யட்டியாந்தோட்டைக்கு மேலே, தேயிலையும் இறப்பரும் கலந்த மலை. பத்தொன்பது வயசில் பலா மரத்தில் இருந்து விழுந்தேன். ராகமை புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் சில மாதம் இருந்தேன். நாற்காலியில் உட்கார, கட்டிலுக்கு மாற, சில்லைத் தள்ள எல்லாம் அங்கே பழகினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது, பழகினது எல்லாம் சமதரைக்கு மட்டும் என்று. எங்க லயத்தில் இருந்து ரோட்டுக்கு நாற்பத்திரண்டு படி. வாசலில் இருந்து பீலிக்கரை வரைக்கும்தான் என் நாற்காலி ஓடும். அதுக்கு மேலே அண்ணன் முதுகு.

டென்னிஸ் கோர்ட் ஒன்றின் நீளம் 23.77 மீற்றர், அகலம் 10.97 மீற்றர். இந்தளவுக்குத் தட்டையான நிலம் எங்க தோட்டத்தில் எங்கே இருக்கு என்று ஒரு நாள் மனசுக்குள்ளேயே தேடிப் பார்த்தேன். பெரட்டுக்களம் சரிவு. கோயில் முற்றம் சின்னது. மிச்சம் இருந்தது பங்களாவுக்குப் பக்கத்தில் உள்ள நாற்றுமேடை. அந்த இடத்தைத் தாத்தா இன்னும் 'டென்னிஸ் கட்டு' என்றுதான் சொல்வார். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பல தோட்டங்களில் பங்களாவோடு சேர்த்து கோர்ட்டும் போட்டிருந்தார்கள். மலையை வெட்டி அந்தத் தரையைச் சமப்படுத்தியது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, மலையகத்துக்கு டென்னிஸ் ஒண்ணும் புதுசில்லை. நாங்க ஆடுறதுதான் புதுசு.

என்னை இதற்குள் இழுத்தது அவிசாவளையில் நடந்த ஒரு நாள் முகாம். பிரதேச செயலகத்தில் இருந்து தகவல் வந்தது. பதினோரு பேர் போனோம், ஆட்ட நாற்காலி மூணுதான். சில்லுகள் கீழே அகன்று சாய்ந்திருக்கும், பின்னால் விழாமல் தாங்க ஒரு குட்டிச் சில்லு, இடுப்புக்குப் பட்டி. பிரேக் கிடையாது. வலது கையில் ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டே அதே கையால் சில்லைத் தள்ள வேண்டும். முதல் அரை மணி நேரம் உள்ளங்கை தோல் உரிந்ததைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை.

பழக்கியவர் யுத்தத்தில் காலை இழந்த ஒரு முன்னாள் சிப்பாய். சிங்களத்தில்தான் பேசினார். "மல்லி, நிக்காதே. அடிச்சதும் திரும்பு. நின்ன நாற்காலியைக் கிளப்புறதுக்குள்ள ரெண்டு குத்தும் முடிஞ்சிடும்" என்றார். இந்த ஆட்டத்தின் முழு ரகசியமும் அதுதான். ஒரு தமிழ்ப் பையனுக்கு ஒரு சிப்பாய் 'தம்பி' என்று சொல்லிப் பழக்குகிறாரே என்று அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். இப்பவும் அதுக்கு ஒரு முடிவான உணர்ச்சி எனக்கு இல்லை. ஆனா அவர் நல்ல கோச்.

இலங்கையில் இந்த ஆட்டத்தை வளர்த்தவர்களில் பெரும்பாலானோர் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள். உபாலி ராஜகருணா, லசந்த ரணவீர, டோக்கியோ பராலிம்பிக் வரை போன சுரேஷ் தர்மசேன எல்லாரும் அப்படித்தான். அவர்களுக்குப் பின்னால் ஒரு அமைப்பு இருந்தது: புனர்வாழ்வு நிலையம், சம்பளம், வாகனம், கொழும்பில் கோர்ட். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. மரத்தில் இருந்து விழுந்தவனுக்கும் மண்மேடு சரிந்து அடிபட்டவளுக்கும் அந்த வழி இல்லை என்கிறேன்.

முகாம்களைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு. டீசேர்ட், சாப்பாட்டுப் பார்சல், போட்டோ. பின்னேரம் நாற்காலிகள் லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போய்விடும். ஆட்ட நாற்காலி ஒன்றின் விலை சில இலட்சம், நாங்க வாங்க முடியாது. அதனால் நாலு பேர் சேர்ந்து, ரெண்டு நாற்காலியையாவது இங்கே விட்டு வைக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினோம். ஏழு மாதம் கழித்து ஒன்று வந்தது. ஒரு பாடசாலையின் களஞ்சிய அறையில் இருக்கு. கோர்ட்டும் அங்கேதான்: வலைப்பந்து ஆடும் சீமெந்துத் தரை. அது 30.5 மீற்றருக்கு 15.25. டென்னிஸ் கோட்டைச் சுண்ணாம்பால் உள்ளே போட்டுக்கலாம், ஓடித் திரும்ப இடம்தான் கொஞ்சம் குறைவு. வலைப்பந்துத் தரை உள்ள பள்ளிக்கூடம் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் எத்தனை இருக்கு!

தரை கிடைத்தும் தீராதது பயணம். பஸ்ஸில் நாற்காலியோடு ஏற முடியாது. த்ரீவீலுக்குப் போகவர ஆகிற காசு அம்மாவின் ரெண்டு நாள் கொழுந்துச் சம்பளம். அதனால் மாதம் ரெண்டு சனிக்கிழமைதான். தெரணியகலைப் பக்கத்து அக்கா ஒருத்தரும் நானும் த்ரீவீலைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஒரே நாற்காலி என்பதால் ஒருவர் ஆடும்போது மற்றவர் சாதாரண நாற்காலியில் இருந்து பந்து போடுவார். அக்கா சேர்வ் போட்டால் எனக்கு மூணு குத்து வேண்டும்.

மே மாசம் மழை இறங்கிவிடும். சீமெந்து ஈரமானால் கை வழுக்கும், சில்லு பிடிக்காது, ஆட்டம் நிற்கும். ரெண்டாவது நாற்காலிக்கான கடிதம் போன கிழமை போட்டாச்சு. மழைக்கு முன்னால் மிச்சம் இருக்கிறது அஞ்சு சனிக்கிழமை. அதுக்குள்ள என் பேக்ஹேண்டைச் சரி பண்ணணும்.